இடது பின்சக்கரம்

எங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் குடிக்கும் உரிமை காருக்கு மட்டும்தான் இருந்தது. விருதுநகரில் எங்கள் தெருக் கிணறுகளில் ஊறியது உப்புத் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் பூத்துக் குழாய் அடைத்துவிடும் என்று அப்பா எங்கேயோ கேட்டுவந்தார். அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிலிருந்து வடியும் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டி, இரண்டு பெரிய அண்டாக்களில் பிடித்து, மூடி போட்டு, மூடியின் மேல் கல்லையும் வைத்துவிடுவார். நாங்கள் வழக்கம்போல ஊருணித் தண்ணீரைக் குடித்தோம். விருந்தாளி யாராவது தெரியாமல் அண்டாவில் செம்பை விட்டால், "அது காருத் தண்ணிங்க!" என்று அம்மா ஓடிவருவாள். அவர்கள் ஏதோ மருந்துத் தண்ணீர் என்று நினைத்துப் பயந்து செம்பைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அது ஐம்பதுகளின் கடைசி. அப்போது பிளஷர் கார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். நாலு கதவு, முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். மதுரையில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்த வண்டி. அப்பா கைக்கு வந்த பிறகு அந்த டாக்டரே எதிரில் வந்திருந்தாலும் அதை அடையாளம் கண்டிருக்க மாட்டார். சாம்பல் நிறமாக இருந்ததைக் கரும்பச்சை ஆக்கினார். அது சும்மா வந்த பச்சை இல்லை. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து, ஒரு முற்றிய மாவிலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மையோடு மை கலக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்த பச்சை. டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. மிளகாய், மல்லி மண்டி வைத்து நாலு பேருக்கு நடுவில் கௌரவமாக உட்கார்ந்திருந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பார்.

பக்கத்து மண்டிக்காரர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பார். "என்ன அண்ணாச்சி, காருக்குக் காதுகுத்து என்னிக்கு வச்சிருக்கீக? சொன்னா நாங்களும் வந்து மொய் எழுதுவோம்ல."

அடியிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வரும். "மொத மொய் உம்ம பேருதான். இப்ப ஓரமாப் போம், வெளிச்சத்த மறைக்காதீரு."

காதுகுத்து என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. காரில் அங்கங்கே பித்தளை மின்னிக்கொண்டிருந்தது. அப்பா மண்டியை விட்டுவிட்டுப் பட்டாசுத் தொழிலில் இறங்க முனைந்திருந்த நேரம் அது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டில் இடம் பார்த்து, ஒன்றைவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி ஷெட்டுகள் கட்டியாகிவிட்டது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த புஞ்சைதான் அந்த ஷெட்டுகளாக மாறி நின்றது. லைசென்ஸ் மட்டும் வரவில்லை.

வெடிமருந்து கையாளும் இடத்தில் இரும்பு ஆகாது. உரசினால் பொறி பறக்கும். அங்கே சுத்தியல் மரத்தில் இருக்கும், கரண்டி பித்தளையில் இருக்கும், ஆணி அடித்த செருப்பு வாசலோடு சரி. மருந்தறை வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுப் போனால் உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடுமாம். இதையெல்லாம் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுவந்த அப்பா, ஆலையில் செய்வதற்கு முன்னால் காரில் செய்து பார்த்தார். வண்டியின் பின்புறத்திலிருந்து தரையைத் தொடும்படி ஒரு பித்தளைச் சங்கிலி தொங்கியது. சக்கரத்துக்கு ஐந்தாக இருபது பித்தளை நட்டுகளைக் கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்து மாட்டினார். இரும்பு நட்டுகளும், நட்டை மறைக்கும் வட்ட மூடிகளும் பரணுக்குப் போயின. ஆலைக்குப் போகிற நாளில் டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் வீட்டில் இறங்கிவிடும். மருந்தே வந்து சேராத ஆலைக்கும் அந்தச் சட்டம் உண்டு.

"இந்த ஜில்லாவுல ஆலைக்குள்ள வரைக்கும் போற கார் நம்ம கார் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொள்வார். வயிற்றுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு ஓடுகிற வண்டிக்கு நட்டு எந்த உலோகமாக இருந்தால் என்ன என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பத்து வயது. பயம் என்னோடு கூடப் பிறந்தது. படுக்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் கருகல் வாடை வருகிறது என்று வீட்டில் எல்லாரையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் வீட்டில் நம்புவதில்லை. படிப்பும் பின்னால் ஏழாவதோடு நின்றுபோனது. கணக்கு எனக்கு வந்ததே இல்லை. ஆனால் எண்ணுவேன். படி, ஜன்னல் கம்பி, பஸ்ஸில் ஏறினால் அதன் சக்கரம், எதைப் பார்த்தாலும் எண்ணுவேன்.

அந்தப் பித்தளை நட்டுகளைத் தேய்ப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை விளக்குக்குப் புளி கரைக்கும்போது அம்மா எனக்கும் ஒரு கிண்ணத்தில் தருவாள். அப்பா ஒவ்வொரு நட்டாகக் கழற்றித் தருவார். நான் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துத் தருவேன். அதை மாட்டி முடுக்கிய பிறகுதான் அடுத்ததைக் கழற்றுவார். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் தாயி. ரெண்டு கையில இருக்கக் கூடாது." அவர் வகுத்த சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் எதுவும் கழன்றுவிடாது என்று நிம்மதியாக இருப்பேன்.

லைசென்ஸ் விஷயமாக ஆலை இடத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. மனைவியோடு வருகிறார், காலை ரயிலில் இறங்கி, எங்கள் வீட்டில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, எங்கள் காரிலேயே ஏழாயிரம்பண்ணைக்குப் போவதாக ஏற்பாடு. அந்த அம்மாளுக்குத் துணையாக அம்மாவும் வர வேண்டும். வீட்டில் நாலு நாளாகப் பேச்சே அதுதான். அந்த வருஷம் கெடுபிடி அதிகம். சின்னக் குறை தெரிந்தாலும் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது.

அவர்கள் வரும் நாள் விடிந்ததும் அப்பாவுக்கு நட்டு மங்கலாகத் தெரிந்தது. அதிகாரி ஏறப்போகிற இடது பக்கத்தையாவது பளபளப்பாக்கிவிட வேண்டும் என்று என்னை எழுப்பினார். முன்சக்கரம் முடிந்து பின்சக்கரத்துக்கு வந்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் அவருடைய சட்டத்தை அவரே மீறினார். இரண்டு நட்டுகளை ஒன்றாகக் கழற்றி என் கையில் போட்டார். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"எம்புட்டு நேரம் அங்கனயே கிடப்பீக? வேட்டி மாத்த வேண்டாமா?"

"கையால திருகி வை தாயி. வந்து முடுக்குதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டையும் விரலால் முடிந்தமட்டும் திருகி வைத்தேன். அதற்குள் அம்மா என்னையும் தலைவாரக் கூப்பிட்டுவிட்டாள். பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது டிக்கியிலிருந்து இரும்புச் சாமான்களை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கார் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. இடையில் அவர் முடுக்கினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

கார் திரும்பி வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நட்டு இருந்தது. இருந்தால் ஆயிற்றா? முடுக்கிய நட்டும் முடுக்காத நட்டும் பார்க்க ஒரேமாதிரிதான் இருக்கும். தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டும்போது அதிகாரி இறங்கி அங்கேயே நின்றார். உயரமான, மெலிந்த மனிதர். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சங்கிலியைக் கேட்டார், அப்பா விளக்கினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வண்டியையே இப்படி வச்சிருக்கிறவர் ஃபேக்டரியை எப்படி வச்சிருப்பார்னு நான் போய்ப் பார்க்கவே வேண்டியதில்லை போலிருக்கே!"

அப்பா வெட்கப்பட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என்னை அழைத்துப்போகும் உத்தேசமே யாருக்கும் இல்லை. அந்த அம்மாள்தான் என் கன்னத்தைப் பிடித்து, "குழந்தையும் வரட்டுமே" என்றார். அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய் மெல்லிய குரலில் சொன்னாள்: "ஏ பிள்ள, அவுக முன்னால வாயத் தொறக்கக் கூடாது. கருகுது, கழலுதுன்னு எதையாச்சும் உளறி வச்சே, அம்புட்டுதான். ஒங்கப்பா முகத்துல முழிக்க முடியாது."

கழலுது என்று அவள் ஏன் சொன்னாள் என்று திடுக்கிட்டேன். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள்.

அப்பா ஓட்ட, பக்கத்தில் அதிகாரி. பின்னால் அப்பாவுக்கு நேர் பின்னே அந்த அம்மாள், நடுவில் அம்மா, இடது ஜன்னலோரம் நான். அதாவது அந்தச் சக்கரத்துக்கு மேலேயே. ஊர் தாண்டியதும் ஆமத்தூர்வரை ஒவ்வொரு புளியமரமாக எண்ணினேன். ஒவ்வொரு மரத்துக்கும் நட்டு ஒரு சுற்று சுற்றிக் கழல்வதாக எனக்கு ஒரு கணக்கு. "நட்டை முடுக்கியாச்சாப்பா?" இரண்டே வார்த்தை. நாக்கு நுனியில் வந்து வந்து நின்றது. கேட்டால் அதிகாரிக்குத் தெரிந்துபோகும். ஒரு நட்டை முடுக்க மறந்த மனிதர் எப்படி மருந்தறை வைத்து நடத்துவார்? கேட்காவிட்டால் ஐந்து பேரும் சாவோம். இந்த இரண்டில் எது பெரிது என்று பத்து வயசுக்குத் தெரியவில்லை.

சிவகாசியில் கலர் சோடா வாங்கிக் கொடுக்க அப்பா காரை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன், மட்கார்டுதான் தெரிந்தது. அப்பா பாட்டிலை என் ஜன்னலில் நீட்டியபோது அவர் முகம் என் முகத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. கேட்டுவிட்டேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

"பைய, பைய. பட்டுப் பாவாடையில சிந்தாமக் குடி" என்றார் அப்பா, அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தபடி. ஜன்னல் விளிம்பில் இருந்த அவர் கை ஒரு நொடி அப்படியே நின்றது. நான் கேட்டது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கார் கிளம்பிவிட்டது.

சிவகாசி தாண்டி மூன்று நாலு மைல் போயிருப்போம். ஆள் அரவமில்லாத காடு. டொக் என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக். பிறகு அது நிற்கவே இல்லை. என் சீட்டுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி இருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் அதிகாரி.

"சங்கிலி சார். ரோட்டுல கல்லு கிடக்கு, அதுல தட்டுது" என்றார் அப்பா. குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க இருந்தது.

சங்கிலிச் சத்தம் எனக்குத் தெரியாதா? அது சலங்கை மாதிரி சலசலக்கும். நான் அம்மாவின் தொடையை அழுத்தினேன். அம்மா என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். வேறு வழி தெரியாமல் நான் என் வாழ்க்கையின் முதல் பெரிய பொய்யைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

"ஏழெட்டு மைலுதான், அடக்கிக்கோ" என்று பல்லைக் கடித்தாள் அம்மா.

"இப்பவே வருது. சீட்டுல போயிரும்."

வெள்ளை உறை போட்ட சீட்டு. அப்பா நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். அதிகாரி இறங்கிக் கார் பக்கத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். அம்மா என்னை ஓர் உடைமரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய் உட்கார வைத்து, முந்தானையை விரித்துக் காரைப் பார்த்தபடி மறைப்பாக நின்றாள். எனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. அவள் இடுப்புக்கும் மரத்துக்கும் நடுவே தெரிந்த சந்து வழியாகச் சக்கரத்தைப் பார்த்தேன்.

மஞ்சள் மூன்று. மற்ற இரண்டு இடத்தில் நட்டு இல்லாமல் மறையாணி மட்டும் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா காரைச் சுற்றி வந்தார். இடது பின்சக்கரத்துக்கு வந்ததும் வேட்டியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். ஒரு விரலால் அந்தக் கறுப்பு மறையைத் தொட்டார். அடுத்ததையும் தொட்டார். வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டி நுனியை மிச்சமிருந்த நட்டில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக, தோள் நடுங்க நடுங்கத் திருகினார். மூன்று நட்டு. ஸ்பேனர் வீட்டில், தாழ்வாரத்தில், சாக்கின்மேல் கிடந்தது. நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"போலாமா சார்?"

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பா பார்த்துவிட்டார். எண்ணிவிட்டார். பார்த்த பிறகும் போகலாம் என்கிறார் என்றால் போகலாம்தான். இனி இது என் கவலை இல்லை.

ஏறப் போனபோது அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "நீ நடுவுல ஏறு."

"நான் ஜன்னல்ல…"

"வர்ற வழியெல்லாம் மானத்த வாங்குறதுக்கு ஜன்னல் ஒரு கேடா? ஏறுன்னா ஏறு."

என்னை நடுவில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் அவள் உட்கார்ந்துகொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. அதிகாரி முன் அழக் கூடாது என்று அழுகையை விழுங்கினேன். கார் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. அப்பா இரண்டு பக்கமும் கை காட்டி, இது பருத்தி, இது கம்பு, மழை பெய்தால் இந்தக் கரிசலில் கால் வைக்க முடியாது சார் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"நிதானமாத்தான் ஓட்டுறீங்க. இந்த வேகம்தான் நல்லது" என்றார் அதிகாரி. "இந்தத் தொழிலுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேணும்."

அதைக் கேட்டுக்கொண்டே, அந்த அம்மாளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். காரில் நான் தூங்கியது அந்த ஒருநாள்தான்.

ஷெட்டுகள் பக்கத்தில் கண் விழித்தேன். அன்று ஆலையில் எல்லாம் திருப்தியாக முடிந்தது. திரும்பும்போது "காருல ஒரு சின்ன வேலை கிடக்கு" என்று சொல்லி அப்பா, தொழிலில் தமக்குக் கூட்டாளியாக இருந்தவரின் வேனில் அதிகாரியையும் அந்த அம்மாளையும் அனுப்பிவைத்தார். நானும் அம்மாவும் பஸ்ஸில் வந்தோம். கார் மறுநாள்தான் வீடு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் சக்கரங்களில் பழைய இரும்பு நட்டு, மேலே வட்ட மூடி. "இனிமே தேய்க்க வேண்டாம் தாயி" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். அதிகாரி முன்னால் காரை நிறுத்த வைத்ததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். லைசென்ஸ் பிறகு வந்துசேர்ந்தது. சாப்பாடு, துணிமணி, என் கல்யாணம் எல்லாம் அந்த ஷெட்டுகளிலிருந்துதான்.

அப்பா அன்று மூன்று நட்டில் ஐந்து உயிரை ஓட்டிப்போனார் என்று புரிய எனக்கு அதிக வயதாக வேண்டியிருக்கவில்லை. அவர் எண்ணியதை நானே பார்த்தேனே. அம்மா விஷயம்தான் பிடிபட வெகுகாலமாயிற்று. அவள் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. நானாகக் கூட்டிப் பார்த்ததுதான், தப்பாகவும் இருக்கலாம். உடைமரத்துப் பக்கம் எனக்கு மறைப்பாக நின்றவள் காரைப் பார்த்தபடிதான் நின்றாள். நான் சந்து வழியாகப் பார்த்ததை அவள் நேராகப் பார்த்திருக்கிறாள். அவளும் எண்ணியிருக்கிறாள். எண்ணிவிட்டு, நிறுத்துங்கள் என்று சொல்லாமல், அந்தச் சக்கரம் கழன்றால் வண்டி எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜன்னலைப் பறித்துக்கொண்டாளே என்ற கோபத்தில் நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.